பதில் சொன்ன கிளி

பின்கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன வீட்டுக்கார அம்மா மூன்று நாளாகத் திரும்பவில்லை. உள்ளே முப்பத்தொரு பூனைகள், கூண்டில் ஒரு கிளி, காய்ந்துபோன தண்ணீர்ச் சட்டி.

கிளிக்கு மட்டும் வாய் ஓயவில்லை. குக்கர் மாதிரி விசிலடிக்கும். அம்மா குரலில் "சாப்பிட வாங்கடா தங்கங்களா!" என்று கூப்பிட்டு, பூனைகள் தள்ளாடி ஓடிவருவதைப் பார்த்துச் சிரிக்கும்.

"விளையாடாதடா. என் குட்டி கண்ணே திறக்க மாட்டேங்குது," என்றது தாய்ப்பூனை.

அப்போது யாரோ முன்கதவைத் தட்டினார்கள்.

"நகராட்சியிலேருந்து வந்திருக்கோம். பிராணிகளைப் பட்டினி போடுறதா புகார். ஆள் இல்லைன்னா கதவை உடைச்சு மீட்கச் சொல்லி உத்தரவு. யாராவது இருக்கீங்களா?"

"மூச்சு விட்டுடாதே!" என்று தாய்ப்பூனை கெஞ்சியது.

கிளியும் அலகை இறுக்கிக்கொண்டுதான் பார்த்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு அம்மா வழக்கமாகச் சொல்லும் பதில் தொண்டையில் குறுகுறுத்தது.

"இருக்கேன் சார்! ரெண்டே பூனைதான். ராஜா மாதிரி வளர்க்கிறேன்!"

"அப்ப சரிம்மா." செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய் ஓய்ந்தது.

"எப்படி? அப்படியே அம்மா மாதிரி இல்ல?" என்று கேட்டபடி கிளி திரும்பியது.

தாய்ப்பூனை குட்டியை நக்கிக் கொடுக்கப் பார்த்தது. நாக்கில் ஈரமில்லை.