குரு பேசிய வீட்டுத் தமிழ்

பூங்கோதை செல்போனில் ஆடும் சீன வாள்சண்டை விளையாட்டு, இப்போதெல்லாம் அந்தந்த வீட்டுத் தமிழிலேயே பேசுகிறது. வீட்டில் காதில் விழுவதையெல்லாம் பாத்திரங்களின் வாயில் போட்டுவிடும். போன வாரம் கொள்ளைக்காரன் ஒருவன் அவளைப் போலவே, "வெங்காயம் என்ன தங்கமாய்யா?" என்று கத்த, அவளும் கணவன் மருதப்பனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று பனிமலை மடத்தில் குருவின் நெஞ்சில் விஷ அம்பு. உடனே அறுத்து எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் வைத்தியர்.

குரு மறுத்துத் தலையசைத்தார். "இப்ப வேணாங்க. வீட்ல அவளுக்குத் தெரிய வேணாம், பதறிடுவா. பாப்பா பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்."

குரு கல்யாணமே ஆகாத துறவி. பிளஸ் டூ படிப்பது பூங்கோதையின் மகள். அந்தப் பேச்சை இந்த வீட்டில் அவள் பேசியதில்லை.



அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மருதப்பன் குரல் கொடுத்தான். "என்ன கோதை, சத்தத்தையே காணோம்? குரு என்ன சொல்றாரு?"

"அறுக்க வேணாமாம்," என்றாள் அவள். "பாப்பா பரீட்சை முடியட்டுமாம்."

கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தோசை கருகும் வாடை வந்தது. யாரும் அதைத் திருப்பவில்லை.