மூழ்கிய செலவு

அன்று மாலை எங்கள் வீட்டை விற்கக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னேன். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லூரியில் கணக்கியல் நடத்துபவள். தலையணையில் சாய்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு மெஷினுக்கு இதுவரை எட்டு லட்சம் செலவாயிருக்கு. இன்னும் ஆறு லட்சம் போட்டா மூணு மாசம் ஓடும். போடலாமா?"

"எட்டு போட்டாச்சே, பாதியில விட முடியுமா?"

"முட்டைதான் மார்க். பசங்க எல்லாரும் சறுக்கற இடம் இது. போட்டது திரும்பி வராது, அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. அதுக்குப் பேருதான் மூழ்கிய செலவு. இனிமே போடறதுக்கு என்ன கிடைக்கும்னு மட்டும் பாருங்க."

"மூணு மாசத்துக்கு ஆறு லட்சமா? அந்த ஓட்டை மெஷினைத் தூக்கிக் கடாசச் சொல்லு."

வாய்விட்டுச் சிரித்தாள். இருமல் வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பாஸ். இதையே டாக்டர்கிட்டயும் சொல்லிட்டு, வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப பீரோவுல வைங்க" என்றாள்.

நான் டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. மாலையில் கையெழுத்துப் போட்டு, ஆறு லட்சத்தையும் ஆஸ்பத்திரியில் கட்டினேன்.

அவள் பத்தொன்பது நாள் இருந்தாள்.