இன்னும் ஒண்ணு

கம்பி தரையை விட்டு எழுந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!"

அந்த ஜிம்மில் அதுதான் வழக்கம். ஒருவர் கடைசியாகத் தூக்கும்போது மற்றவர்கள் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். முகம் சிவந்து, கால் வெடவெடத்து, இன்னொன்று தூக்கியே ஆக வேண்டும்.

அவள் கம்பியை இறக்கினாள். சத்தம் வராமல் இறக்கினாள்.

இன்னொன்று தூக்கியிருக்கலாம். இரண்டுகூட.

"என்னக்கா, பொசுக்குன்னு விட்டுட்டீங்க? இன்னும் தெம்பு இருக்கே!" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும் மாஸ்டர். வீட்டுக்கு வேணும்."

கைதட்டியவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

போன மார்கழியில் இந்தக் கைதட்டலுக்கு மயங்கி இன்னொன்று தூக்கினாள். அடேயப்பா, என்ன ஆரவாரம்!

மறுநாள் காலை இடுப்பு அசையவில்லை.

வீட்டில் தாரணி இருந்தாள். அவள் மகள். பிறந்ததிலிருந்தே கால் நிற்காது. அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை, மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்கு, எல்லாம் அம்மாவின் கைகளில்தான்.

இடுப்பு சரியாகும்வரை பிள்ளை தெருவையே பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள், இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு விடுதியின் விலாசத்தோடு.

"பொண்ணு வளர்றா அண்ணி. உங்களுக்கும் வயசாகுது. இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கிச் சுமப்பீங்க?"

வந்தவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். விலாசத்தை அடுப்பில் போட்டாள்.

இடுப்பு தேறியதும் நேராக ஜிம்முக்குத்தான் போனாள். அன்றிலிருந்து எந்தக் கைதட்டலுக்கும் தூக்குவதில்லை.

இன்று மாலையும் தாரணியை அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல்.

படி திரும்பும் இடத்தில் தாரணியின் பாதம் சுவரில் இடித்தது.

இதுவரை இடித்ததில்லை.

இருவரும் அந்தப் பாதத்தைப் பார்த்தார்கள்.

"வளந்துட்டேனாம்மா?"

பயந்த குரல். விலாசம் வந்த அன்று அவளும் பக்கத்து அறையில்தானே படுத்திருந்தாள்.

"வளருடி. நல்லா வளரு. யாரு வேணாங்கிறா?"

கொஞ்சம் ஒருக்களித்துத் திரும்பினாள். பாதம் சுவரைத் தாண்டியது.

மறுநாள் காலை ஜிம்மின் மூலையில் குனிந்து தேடினாள். இருப்பதிலேயே சின்ன இரும்புத் தட்டு, ஒரு ஜோடி. யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்தது. துடைத்து, கம்பியின் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினாள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல என்னக்கா ஏறிடப் போகுது?"

"அவ்வளவுதான் ஏறியிருக்கு மாஸ்டர்," என்றாள்.

குனிந்து கம்பியைப் பிடித்தாள்.