தரை யார் பக்கம்

கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். காலில் இரவல் பூட்ஸ். விரல்கள் எட்டாத இடத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தேன்.

எதிர்முனையில் சுமை ஏற்றும் பிரிவின் கடைசி ஆள். தொழிற்சாலையில் எல்லோரும் அவரைத் 'தூண்' என்பார்கள்.

மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில் பரிசு நின்றது. ஆள் உயர மின்விசிறி. கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயிக்கிற பிரிவுக்கு, அடுத்த போட்டி வரை.

வருடா வருடம் அது சுமைப் பிரிவுக்கே போகும். வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு மின்விசிறி. தகரக் கூரைக்குக் கீழே அட்டைப்பெட்டி ஒட்டுகிற எங்களுக்கு வியர்வை. போன வாரம் எங்கள் பிரிவில் மாசமாக இருக்கும் ஒரு அக்கா பசை வாளிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள்.

அதனால்தான் வாயைத் திறந்தேன். மாலை வகுப்பில் விசைப் பாடத்தில் எழுதியதை எங்கள் பெண்களிடம் சொன்னேன். கயிறு இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில்தான் இழுக்கும். ஜெயிப்பதும் தோற்பதும் காலுக்கும் தரைக்கும் நடுவே.

சொன்ன பிறகு பயம் வந்தது. அன்று பக்கத்து இருக்கைக்காரர் விட்ட குறட்டையில் பாதிப் பாடம் எனக்குக் கேட்கவே இல்லை. சரியாக எழுதியதையும் அடித்துவிட்டுத் தப்பாகத் திருத்துகிற ஆள் நான்.

ஆனால் அவர்கள் நம்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூசி போகத் துடைத்து, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றார்கள்.

சுமைப் பிரிவு பரிசுப் படத்துக்கே தயாராக வந்திருந்தது. வேலைப் பூட்ஸோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? வரிசை முழுக்கப் பளபளக்கும் தோல் ஷூ. அடிப்பாகமும் அதே வழவழப்பு.

"ஏம்மா, பூட்ஸுக்குள்ள ஆள் இருக்கா, இல்ல பூட்ஸ் மட்டும் தனியா வந்திருக்கா?" என்று அவர்களின் முதல் ஆள் கேட்டான். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

தூண் மட்டும் என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

விசில்.

கயிறு விறைத்தது. இடுப்பெலும்பு விட்டுப்போகும் போலிருந்தது. எங்கள் முதல் ஆள் கோட்டை நோக்கி ஒரு சாண் நகர்ந்தாள்.

தப்பு. தப்பாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"தரையத் தள்ளுங்கக்கா! கயித்த மறந்துடுங்க!"

கத்தியது நான்தான் என்று பிறகுதான் உறைத்தது.

உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றினேன். நான் இழுக்கவில்லை. தரையை முன்னால் தள்ளினேன். தரை என்னைப் பின்னால் தள்ளியது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர். சிமெண்டில் தோல் வழுக்கும் சத்தம்.

முதல் ஆள் வந்தான். சிரித்த வாய் அப்படியே இருந்தது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், முழங்கைகூட மடங்காமல், கடை பொம்மைகள் மாதிரி நின்ற நிலையிலேயே வந்தார்கள். அவர்கள் கை கயிற்றை விடவே இல்லை. கால்தான் கைவிட்டது.

கடைசியில் தூணும் வந்தார். வந்த வேகத்தில் நிற்க முடியாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்த மாசமான அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்ட சந்தோஷக் கூச்சலில் இரண்டாவது விசில் யாருக்கும் கேட்கவில்லை. மின்விசிறிக்குச் சக்கரம் இருந்தது. ஆனாலும் தோளில்தான் தூக்கிப் போனோம்.

மாலை, வகுப்பு வாசலில் என் செருப்புக்கு மாறினேன். பூட்ஸிலிருந்து காகிதத்தை உருவிவிட்டு அதன் சொந்தக்காரரிடம் நீட்டினேன்.

நேற்று இரவல் கேட்டபோது, "பூட்ஸா இழுக்கப் போகுது? கைதான் இழுக்கும். எடுத்துட்டுப் போ" என்று சிரித்தவர் அவர். இன்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் கயிற்றின் சிவந்த தடம்.

வழக்கம்போல என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கியதும் தூண் என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னிக்கு நான் தூங்கினா கிள்ளி எழுப்பு" என்றார் அப்பா.