கோட்டைக் கதவு

புது அப்டேட் வந்ததிலிருந்து கோட்டைக் கதவு திறக்கவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நானும் தமீமும் விளையாட்டுக்குள் அந்தக் கதவின் முன் நின்று, விளையாட்டை உருவாக்கிய கம்பெனியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தோம். கூட வந்த மகிழன் மட்டும் பேசாமல், தன் வீரனைக் கொண்டு கதவை வாளால் வெட்டிக்கொண்டிருந்தான். தினமும் சேர்ந்து விளையாடுகிறோம். யார் எங்கே வேலை பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டதில்லை.

"இந்தக் கதவைச் செஞ்சவனை மொதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்டா," என்றேன்.

"நியூஸ் பாக்கலையா? காலையிலயே பாதிப் பேரைத் தூக்கிட்டானுங்க," என்றான் தமீம்.

"விட்டுது சனியன்."

மகிழனின் மைக் உயிர்பெற்றது. "சரி பண்ணி வெச்சிருந்தேன்டா. அப்லோட் பண்றதுக்குள்ள என் லாகினை முடக்கிட்டாங்க."

அவன் வீரன் வெட்டிக்கொண்டே இருந்தான். கதவில் ஒரு கீறல்கூட விழவில்லை.