சின்னப்பிள்ளை அளவு

அக்காவின் வளைகாப்புக்கு வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போட்டுவிட்ட வளையல்காரம்மா, கடைசியாகப் பூங்கோதையின் கையைப் பிடித்தாள்.

"சின்னப்புள்ள அளவு குடுங்க, எனக்கு அதுதான் சரியா இருக்கும்" என்றாள் பூங்கோதை. ஆறு வருடமாகக் காலையில் அரை ஆப்பிள், மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், இரவு வெறும் வெந்நீர் என்று வாயைக் கட்டிச் சேர்த்த பெருமை அது. இரண்டு வருடமாக மாதவிலக்கு நின்றுபோனதைக்கூடத் தொல்லை விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

வளையல்காரம்மா வழக்கம்போல விரல்களைக் கூட்டிப் பிடித்து, கட்டைவிரல் மேட்டை அழுத்தி, ஆறு கண்ணாடி வளையல்களையும் உள்ளே தள்ளினாள். படக்கென்று ஒரு சத்தம்.

"அடிப்பாவி, நல்ல நாளும் அதுவுமா வளையல் ஒடஞ்சிருச்சே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். வாயும் வயிறுமாக இருக்கிற அக்காவின் காலில் துண்டு குத்திவிடுமே என்று நாலைந்து பேர் குனிந்து ஜமுக்காளத்தைத் தடவினார்கள்.

வளையல்காரம்மா மட்டும் குனியவில்லை. பிடித்த கையை விடவும் பயந்து, பூங்கோதையின் முகத்தையே பார்த்தாள்.

பூங்கோதை தன் கையைப் பார்த்தாள். ஆறு வளையலும் முழுசாக இருந்தன. கட்டைவிரலைத்தான் அசைக்க முடியவில்லை.

"நல்லாத் தேடுங்கடி, துண்டு இங்கதான் எங்கயாவது கெடக்கும்" என்றாள் அத்தை.