ஏழு அறை டப்பா

பூவராகன் வாய்விட்டுச் சிரித்தால் வீட்டில் எல்லோரும் முதலில் அவருடைய மாத்திரை டப்பாவைத்தான் பார்ப்பார்கள். கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறைகள் கொண்ட டப்பா. ஒரு காலத்தில் மூன்று வாரம் தூங்காமல், ஊருக்கு ரயில் விடுகிறேன் என்று கிளம்பி மனநல ஆஸ்பத்திரியில் போய் இறங்கியவர் அவர். அதன் பிறகு பதினொரு வருடங்களாக ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் சிரிப்பு அவருக்கு அளவோடுதான் அனுமதி.

அன்று மைத்துனன் சௌந்தர் சாப்பிட வந்திருந்தான். ஊர் ஊராகப் போய் வெற்றியின் ரகசியம் பேசுகிறவன்.

"மனுஷனுக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் போதும் மாமா. பத்து நாளா நான் அவ்வளவுதான். மூளை மின்னல் மாதிரி ஓடுது. நேத்து ஒரே மூச்சுல நாலு புத்தகம் எழுத ஆரம்பிச்சிட்டேன்."

தட்டில் சாம்பார் ஆறிப்போனது, அவன் நிறுத்தவில்லை. குடும்பமே வாய்பிளந்து கேட்டது. தம்பியின் பெருமையில் பூவராகனின் மனைவி வசுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

பூவராகன் மட்டும் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மின்னல் அவருக்குப் பழக்கமானது.

"மாப்ள, நீ தூங்காம இருக்கியா, இல்ல படுத்தாலும் தூக்கம் வரலையா?"

பேச்சு நின்றது. வசுமதி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

அவர் டப்பாவை எடுத்துப் புதன்கிழமை அறையைத் திறந்து காட்டினார். காலி. எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். சௌந்தர் மட்டும் சோற்றில் கை வைக்கவில்லை. டப்பாவின் பக்கத்து அறையில், கண்ணாடி மூடி வழியே தெரிந்த வியாழக்கிழமை மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.